பரிசுக் கோப்பையும் தாழைப் பையும்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளின் கண்ணெல்லாம் மேடையிலிருக்கும் மேசை மேல்தான் இருக்கிறது. அது எனக்குத் தெரிகிறது. எனக்குக் கொடுத்திருப்பது கால் மணி நேரம், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

அந்த மேசையைப் பற்றித்தான் பேசவும் வந்திருக்கிறேன். வழக்கமாக அங்கே தங்க நிறத்தில் பளபளவென்று கோப்பைகள் வரிசையாக நிற்கும். இந்த ஆண்டு கோப்பைகள் இல்லை. தாழை ஓலையில் பின்னிய பைகள் இருக்கின்றன. போன மாதம் இந்தச் சேதி லயத்துக்குள் போனதிலிருந்து, என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான். “என்னா டீச்சர், இந்த வருஷம் கோப்பை கிடையாதாமே? பள்ளிக்கூடத்துல காசு இல்லையா?” ஓர் அண்ணன் இன்னும் ஒருபடி மேலே போய், “கோப்பைன்னா கண்ணாடி அலமாரியில வைக்கலாம், நாலு பேரு பார்ப்பாங்க. ஓலைப் பையை எங்கே வைக்கிறது?” என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை. பிள்ளை படித்து வாங்கும் பரிசு மதிப்பாக இருக்கவேண்டும் என்று பெற்றவர்கள் நினைப்பது இயல்புதானே. ஆனால் ஒன்று: காசு இல்லாமல் இதை வாங்கவில்லை. சொல்லப்போனால் கோப்பையைவிட இந்தப் பைக்கு நாம் கொடுத்த விலைதான் அதிகம். ஏன் கொடுத்தோம் என்பதைச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இந்தப் பைகளைப் பின்னியவர்கள் மா மெரி இனத்துப் பெண்கள். கேரித்தீவில் இருக்கிறார்கள். தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டிப் பாலம் ஏறினால் தீவு. அந்தத் தீவில் சுங்கை பும்புன், சுங்கை ஜூடா போன்ற கிராமங்கள் அவர்களுடையவை. மா மெரி என்றால் காட்டு மக்கள் என்று பொருள். நாடு முழுதும் பார்த்தால் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்கள் 18 பிரிவினர். எல்லாரையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர். கேரி என்ற வெள்ளைக்காரத் துரை அங்கே ரப்பர் நட வருவதற்கு முன்பே, நம் பாட்டன்மார் கப்பலேறி வருவதற்கு முன்பே, அந்தத் தீவு அவர்களுக்கு வீடு. இன்று தீவின் பெரும்பகுதி செம்பனை. அவர்களிலும் பலர் நம்மைப் போலவே செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள்தாம்.

இவ்வளவு அருகில் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. “சக்காய்” என்கிறோம். மோட்டார் சைக்கிளில் பெத்தாய் கட்டிக்கொண்டு ஒருவர் லயத்துப் பக்கம் வந்தால், “சக்காய் வந்திருக்கான், போய் பேரம் பேசு” என்கிறோம். அந்தச் சொல்லுக்கு அடிமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளை உண்மையாகவே பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக விற்றிருக்கிறார்கள். 1960களில் அரசாங்கமே அந்தச் சொல்லைக் கைவிட்டு, ஆதி மக்கள் என்று பொருள்படும் ஓராங் அஸ்லி என்ற பெயருக்கு வந்துவிட்டது. நாம் இன்னும் வரவில்லை. நம்மை யாராவது “கிளிங்” என்று சொன்னால் எப்படிச் சுடுகிறது? அதே சூடுதான் அவர்களுக்கும்.

சரி, பைக்கு வருகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சுற்றுலாவாக அங்கே அழைத்துப் போனபோது, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு வேலை சொன்னேன். ஒரு பை எப்படி உருவாகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டு எழுதி வரவேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மலாயில் கேட்டுக் கேட்டு எழுதிவிட்டார்கள்.

தாழை ஓலை சும்மா வருவதில்லை. விளிம்பில் இரு பக்கமும் முள், நடு நரம்பிலும் முள். ஓலையை வெட்டிச் சுமந்து வந்து, முள்ளை எல்லாம் சீவ வேண்டும். நெருப்பில் வாட்டி வளைய வைக்கவேண்டும். பல் வைத்த ஒரு சிறு கருவியால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழிக்கவேண்டும். ஒரு கீற்று கொஞ்சம் அகலமாகப் போனாலும் பின்னல் கோணிவிடும். பிறகு அவிக்கவேண்டும், ஊறவைக்கவேண்டும், வெயிலில் காயப்போட வேண்டும், சாயம் ஏற்றவேண்டும், மறுபடி காயப்போட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஓலையில் பூஞ்சைக் கறை விழுந்து அத்தனை பாடும் வீண். இதற்குப் பிறகுதான் பின்னலே தொடங்குகிறது. அதற்கு அளவுகோலும் இல்லை, தாளில் வரைந்த படமும் இல்லை. அம்மாவின் கையைப் பார்த்து மகள் கற்றது. மூடி போட்ட சிறு பை ஒன்று செய்கிறார்கள். அதற்கு புஜாம் என்று பெயர். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் போல, வெற்றிலை புகையிலை வைத்துக்கொள்ள ஏற்பட்ட பை அது.

பிள்ளைகள் கொண்டுவந்த கணக்கு இது. பத்துப் பைக்கு வேண்டிய ஓலையைப் பக்குவப்படுத்த 30 மணி நேரம். அப்படியென்றால் ஒரு பைக்கு 3 மணி. பின்ன 4 மணி. ஆக 7 மணி நேரம். முன்பெல்லாம் ஊருக்குள் வரும் வியாபாரி அந்தப் பைக்குக் கொடுத்த விலை 8 வெள்ளி. எட்டை ஏழால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஒரு வெள்ளி பதினாலு காசு!

இதே மாதிரிப் பை பட்டணத்துக் கடை ஒன்றில் 40 வெள்ளிக்குத் தொங்கியதை நானே பார்த்தேன். செய்தவர் பெயர் அதில் இல்லை, ஊரின் பெயரும் இல்லை.

நாம் இந்தப் பரிசுகளுக்குக் கொடுத்தது பைக்கு 25 வெள்ளி. அவர்கள் கேட்ட விலை. பேரம் பேசவில்லை. பேசாமல் கொடுத்தோம் என்பதற்காகச் சங்கக் கூட்டத்தில் என்னைக் கொஞ்சம் கடிந்துகொண்டார்கள். “டீச்சருக்கு வாங்கத் தெரியல” என்றார்கள். கரும்பலகையில் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னேன். 25ஐ 7ஆல் வகுத்தால் மணிக்கு 3 வெள்ளி 57 காசு. 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அந்தக் கணக்கில் 7 மணி நேர வேலைக்கு 61 வெள்ளி 4 காசு வருகிறது. நாம் தாராளமாகக் கொடுத்ததாக நினைத்த விலை அதில் பாதிகூட இல்லை. இதைப் பார்த்த பிறகு ஒரு பையன் எழுந்து, “அப்படின்னா டீச்சர், நாமதான் அவங்ககிட்ட கடன்பட்டிருக்கோம்” என்றான். நான் மறுத்துப் பேசவில்லை.

வியாபாரியை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவருக்கும் வேன் உண்டு, பெட்ரோல் உண்டு, விற்காமல் தங்கிப்போன சரக்கும் உண்டு. உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் அரிசி இல்லாத நாளில் அரிசியும் சீனியும் முன்கூட்டியே கொடுப்பவர் அவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஐம்பது வெள்ளி கைமாற்றாகக் கொடுப்பவரும் அவர்தான். கொடுத்துவிட்டு, பையின் விலையை அவரே சொல்வார், அவரே எழுதுவார், அவரே கழித்துக்கொள்வார். காட்டில் பெத்தாய், டுரியான், பிரம்பு எடுக்கிற மற்றப் பூர்வகுடி மக்களின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான். பெத்தாய் மரத்தின் உச்சிவரை ஏறி உயிரைப் பணயம் வைத்துப் பறிக்கிறவருக்கு, பட்டணத்துச் சந்தையில் இன்று என்ன விலை என்பது தெரியாது. தெரிந்தாலும் கொண்டுபோக வண்டி இல்லை. வண்டி கிடைத்தாலும் பழைய பற்று கழுத்தைப் பிடிக்கும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிமாருக்கு இந்தக் கதையை நான் சொல்லவேண்டியதில்லை. தோட்டத்து மளிகைக் கடையின் பற்றுப் புத்தகம் நினைவிருக்கிறதல்லவா? சம்பள நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்த நாள்கள்? கடைக்காரர் எழுதியதே கணக்கு. அதைப் படித்துப் பார்க்க எழுத்துத் தெரியாது. அதனால்தானே “நான் படிக்கல, எம்புள்ளையாவது படிக்கட்டும்” என்று நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

“அப்படின்னா அவங்களே பேங்குல கடன் வாங்கி, ஒரு கடை போட வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். இதற்கு விடை தெரியாமல் நாம் பேசினால் அவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிடுவோம். சட்டத்தை ஒரு நிமிடம் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம், அதாவது 134ஆம் சட்டம், அவர்களுக்கென்று நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. ஆனால் அந்த நிலத்தில் குடியிருக்கும் உரிமை, நிலத்துக்குச் சொந்தக்காரர் விட்டுவைக்கும் வரைக்கும் இருக்கிற குடித்தனக்காரரின் உரிமையைவிட மேலானதன்று என்றும் அதே சட்டம் சொல்கிறது. அரசாங்க ஆணையரின் சம்மதமில்லாமல் நிலத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, அடமானம் வைக்கவோ முடியாது. ஏமாற்றிப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க ஏற்பட்ட பாதுகாப்பு அது என்று சொல்வோரும் உண்டு. அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கிக்காரர் முதலில் கேட்பது என்ன? கிராண்ட் எங்கே என்பதுதான். தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மண்ணுக்கு ஒரு தாள் இல்லாதவர் என்ன பதில் சொல்வார்?

நம் வட்டாரத்திலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். டிங்கில் பக்கம் புக்கிட் தம்போய் கிராமம். அங்கிருப்பவர்கள் தெமுவான் இனத்தவர். சிப்பாங் விமான நிலையத்துக்குச் சாலை போடுவதற்காக 1990களின் நடுவில் அவர்களுடைய நிலத்தில் ஏறக்குறைய 38 ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குக் காசு கொடுத்தார்கள். பழ மரங்களுக்கும் பயிருக்கும் காசு கொடுத்தார்கள். மண்ணுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மண் உங்களுடையதில்லையே என்றார்கள். சாகோங் தாசி என்ற பெரியவரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மண் அவர்களுடையதே என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீராம் என்ற நீதிபதி. 2010இல் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள். முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை படித்து முடித்து வேலைக்கே போயிருக்கும்.

தோட்டம் துண்டாடப்பட்டபோதும், வீட்டுமனைக்கு விற்கப்பட்டபோதும், பிறந்து வளர்ந்த லயத்தைக் காலிசெய் என்று கடிதம் வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! நட்ட மரம் நமதில்லை, இருந்த வீடு நமதில்லை. அந்த வேதனைக்கு நம் மக்கள் கண்ட ஒரு வழியும் உண்டு. 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியபோது, பால்மரம் வெட்டுகிறவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள். ஒருவர் பத்து வெள்ளியால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கானவர் பத்து வெள்ளியால் தோட்டமே வாங்கலாம். இது யாரும் நமக்குக் கொடுத்த பிச்சையில்லை.

இதைச் சொல்லிவிட்டு, “அவர்களும் நம்மைப் போல் சங்கம் வைக்கட்டும்” என்று அறிவுரை கூறப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களே தொடங்கியும் விட்டார்கள். சுங்கை பும்புனில் தொம்போக் தொப்போ என்ற பெயரில் பெண்களே ஒரு பின்னல் குழு நடத்துகிறார்கள். கோலாலம்பூர் பக்கம் கெராய் ஓ.ஏ. என்றொரு கடை உண்டு. கடையென்றால் நிரந்தரக் கட்டடம் இல்லை. சந்தை கூடும் இடங்களில் மேசை போட்டு விற்பார்கள். 2004இல் தொடங்கியது. நடத்துபவர்கள் தொண்டர்கள், சம்பளம் வாங்குவதில்லை. விற்ற பணம் முழுவதும் செய்தவர் கைக்கே போகிறது. ஒவ்வொரு பொருளிலும் செய்தவர் யார், எந்த ஊர் என்று சீட்டுக் கட்டியிருக்கும். எனக்கு அந்தச் சீட்டு மிகவும் பிடித்துப் போயிற்று. இன்று நீங்கள் வாங்கப்போகும் பைகளிலும் அப்படியொரு சீட்டு இருக்கிறது. பின்னிய அம்மாமாரே சொன்னபடி நம் மாணவிகள் எழுதியது. பிள்ளைகளே, அதைப் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். கணக்கில் முதல் பரிசு வாங்குகிறவன் பெயர் ஒரு பக்கம் என்றால், அந்தப் பையைப் பின்னியவர் பெயர் மறுபக்கம். இரண்டும் உழைப்புதானே.

உதவி என்ற பெயரில் நடக்கும் சிலவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய துணி மூட்டையும் பிஸ்கட் டின்னும் கொண்டுபோய் இறக்கி, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. மனம் நல்ல மனம்தான். ஆனால் அங்கே ஓர் அம்மா சொன்னது என் காதிலேயே இருக்கிறது. “துணி எங்களுக்கு இருக்கிறது, டீச்சர். அடுத்த மாதம் எத்தனை பை வேண்டும் என்று சொல்லுங்கள். அதுதான் வேண்டும்.” கையில் தொழில் உள்ளவருக்குத் தேவை வாடிக்கைக்காரர். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் வருகிற வாடிக்கைக்காரர் போதாது; மாதா மாதம் வருகிறவர் வேண்டும்.

நம்மால் என்ன முடியும்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பூலப் பை கொடுக்கிறோம். பிளாஸ்டிக் பை, வீட்டுக்குப் போவதற்குள் கிழிந்துவிடுகிறது. முந்நூறு பேருக்கும் தாழைப் பை கொடுங்கள் என்று சொல்ல நான் கோடீஸ்வரர் வீட்டுப் பெண் இல்லை. சம்பந்தி வீட்டாருக்கும் நெருங்கிய உறவுக்கும் ஒரு முப்பது பையாவது கொடுக்கலாம். வெற்றிலை வைக்க ஏற்பட்ட பையில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பது பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடிவந்து கேட்கக் கூடாது. ஓலை வெட்டி, காய்ந்து, பின்னி முடிய வேண்டும். மூன்று மாதம் முன்னால் சொல்லவேண்டும். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அவர்கள் அரிசிக்காக வேறொருவரிடம் பற்று வைக்கவேண்டியிராது. மீதியைப் பை கைக்கு வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். “சம்பளம் போட்டதும் தர்றேன்” என்பது நம் கடைக்காரரிடம் செல்லும், அங்கே வேண்டாம்.

இன்னொன்று. அவர்கள் மரத்தில் செதுக்குகிற உருவங்களும் முகமூடிகளும் உலகப் பெயர் பெற்றவை. யுனெஸ்கோவின் தரச்சான்று பெற்றவையும் உண்டு. அந்த உருவங்கள் அவர்களுடைய மோயாங், அதாவது முன்னோர் ஆவிகள். விற்பனைக்கு வைத்திருப்பதை வாங்கலாம். ஆனால் “இதில் ஒரு சாவிக்கொத்து செய்து தா, சிரிக்கிற மாதிரி முகம் வை” என்று கேட்பவர்களும் இருக்கிறார்களாம். நம் எல்லையில் இருக்கும் முனியாண்டி சாமியைச் சாவிக்கொத்தாகச் செய்து தரச்சொல்லி யாராவது கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதேபோல் ஆண்டுக்கு ஒருமுறை ஹாரி மோயாங் என்று முன்னோர்க்குப் படையல் வைத்து விழா எடுப்பார்கள். அந்த நாள்களில் பை தாமதமானால் முணுமுணுக்காதீர்கள். நம் தீமிதித் திருவிழாவுக்கு யார் வேலைக்குப் போகிறோம்?

செதுக்குகிறவர்களுக்கு இன்னொரு கவலை. அந்த உருவங்களுக்கு ஏற்ற நீரே பத்து என்ற மரம் சதுப்புக் காட்டில் வளர்வது. காடு குறையக் குறைய மரமும் குறைகிறது. விலையை எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் இல்லாத மரத்தை எங்கே போய் வெட்டுவது? இதற்கு என்னிடம் விடையில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் வளர்ந்து நில அலுவலகத்திலோ வனத்துறையிலோ வேலைக்குப் போனால், இதை நினைவில் வைத்திருக்கட்டும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். விழா முடிந்ததும் வாசலருகே ஆறாம் ஆண்டு மாணவிகள் இருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பை வேண்டுவோர் பெயர், எண்ணிக்கை, என்றைக்கு வேண்டும் என்பதை எழுதிவிட்டுப் போகலாம். முன்பணத்துக்குப் பள்ளி ரசீது கொடுக்கும். அந்தப் புத்தகத்தின் நகல் ஒன்று பின்னுகிறவர்கள் கையிலும் இருக்கும். எழுதியது என்ன என்று அவர்களும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வேன் போகிறது. அதில் நான்கு இடம் காலியாக இருக்கிறது. பின்னலைப் பார்க்க ஆசைப்படும் தாய்மார்கள் வரலாம். வரும்போது கொஞ்சம் முறுக்கு கொண்டுவாருங்கள். போனமுறை நாங்கள் கொண்டுபோனது எல்லாருக்கும் போதவில்லை.